கல்லூரி கல்லூரியாக வந்த ஃபேஸ்புக்

சமூக வலைத்தளங்கள் இளைஞர்களின் மனநலத்தைக் கெடுக்கின்றனவா என்று இன்று கேட்டால் உறுதியாகப் பதில் சொல்வது கடினம். ஏறத்தாழ எல்லோரும் அவற்றில் இருக்கிறார்கள். இல்லாதவர்களைத் தேடிப்பிடித்து ஒப்பிட்டாலோ, அவர்கள் படிப்பிலும் பழக்கத்திலும் வீட்டுச் சூழலிலும்கூட மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர்களாக இருக்கிறார்கள். மனம் சோர்ந்தவர் கைப்பேசியே கதி என்று கிடக்கிறாரா, கைப்பேசியே கதி என்று கிடப்பதால் மனம் சோர்கிறதா என்று பிரித்துச் சொல்ல வழியின்றி ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் திணறினார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு ஓரளவு நம்பத்தக்க விடை தரும் ஒரு காலமும் இடமும் வரலாற்றில் உண்டு: 2004 பிப்ரவரி முதல் 2006 செப்டம்பர் வரையிலான அமெரிக்கக் கல்லூரி வளாகங்கள். அந்தக் காலத்தில் ஃபேஸ்புக் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. ஒரு கல்லூரிக்கு இந்த மாதம், இன்னொன்றுக்கு அடுத்த ஆண்டு என்று கல்லூரி கல்லூரியாக வந்தது. அந்த வருகையைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது. இன்று நாம் பழிபோடும் ஸ்மார்ட்போனும் லைக் பொத்தானும் அல்காரிதமும் மாணவர்களின் கைக்கு வருவதற்கு முன்பே கேடு தொடங்கிவிட்டது. கூடப் படிப்பவர்களின் வாழ்க்கை நாள்தோறும் கண்முன் விரியத் தொடங்கியதே அதற்குப் போதுமானதாக இருந்தது.

புதிதாகச் சேரும் மாணவர்களின் படத்தையும் பெயரையும் சொந்த ஊரையும் தொகுத்துப் புத்தகமாக அச்சிட்டுக் கொடுப்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பழைய வழக்கம். எங்கிருந்தோ வந்து ஒரே விடுதியில் தங்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள அது உதவியது. ஹார்வர்டில் ஒவ்வொரு விடுதிக்கும் இப்படி ஒரு படத்தொகுப்பு இருந்தது. நூற்றாண்டு திரும்பிய நேரத்தில் அவற்றில் பல கல்லூரியின் உள் இணையத்துக்கு வந்திருந்தன. அந்தப் புத்தகத்தால் எவருடைய மனமும் பெரிதாகப் புண்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆளுக்கு ஒரே ஒரு படம், அதுவும் பெரும்பாலும் பள்ளி முடிக்கும்போது எடுத்த படம். ஆண்டுக்கு ஒருமுறை அச்சாகும், பிறகு மாறாது. யார் யாருக்கு நண்பர், நேற்றிரவு யார் எந்த விருந்தில் இருந்தார் என்பதெல்லாம் அதில் இருக்காது. முதல் சில வாரங்களில் புரட்டப்பட்டு மேசை இழுப்பறைக்குள் போய்விடும் பொருள் அது.

அந்தப் படங்களை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் 2003 அக்டோபர் இறுதியில் வெளிப்பட்டது. ஹார்வர்டில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மார்க் ஸக்கர்பெர்க் விடுதிகளின் இணையத் தொகுப்புகளிலிருந்து மாணவர் படங்களை அனுமதியின்றி எடுத்து, இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து, இவர்களில் யார் கவர்ச்சியானவர் என்று வாக்களிக்கச் சொல்லும் தளம் ஒன்றை உருவாக்கினார். ஃபேஸ்மாஷ் என்று அதற்குப் பெயர். அது முடக்கப்படுவதற்குள் சுமார் 450 பேர் வந்து 22,000 தடவை வாக்களித்திருந்தார்கள். மாணவர் அமைப்புகள் கண்டித்தன, கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைக்கு அழைத்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். மூன்று மாதம் கழித்து அவர் தொடங்கிய தளம் இதிலிருந்து வேறுபட்டதுதான். அதில் வாக்கெடுப்பு இல்லை. படத்தை மாணவர்களே விரும்பிப் போட்டார்கள். எனவே ஃபேஸ்மாஷிலேயே ஃபேஸ்புக்கின் இயல்பு முழுதும் அடங்கியிருந்தது என்று சொல்வது மிகை. ஆனாலும் முகங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க மாணவர்களுக்கு எவ்வளவு ஆவல் இருந்தது என்பதற்கு அந்த 22,000 வாக்குகள் சான்று.

2004 பிப்ரவரி 4 அன்று தொடங்கிய தளத்தின் பெயர் ‘தஃபேஸ்புக்’. நான்கே நாளில் சுமார் 650 மாணவர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் ஹார்வர்டின் இளநிலை மாணவர்களில் பாதிக்கும் மேல். மார்ச்சில் கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல் ஆகிய பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. ஒருவர் பக்கத்தில் இருந்தவை இவ்வளவுதான்: ஒரு படம், எந்த விடுதி, இந்தப் பருவத்தில் எடுத்திருக்கும் பாடங்கள், பிடித்த பாட்டும் படமும், காதல் உறவில் இருக்கிறாரா தனியா என்ற குறிப்பு, அதன் கீழே நண்பர்களின் பட்டியலும் எண்ணிக்கையும். அந்த ஆண்டு செப்டம்பரில் ‘சுவர்’ வந்தது. ஒருவர் பக்கத்தில் மற்றவர் வந்து எழுதிவிட்டுப் போகலாம், எழுதியதை எல்லோரும் படிக்கலாம். நண்பர் எண்ணிக்கையை நாம் இன்று பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஊர் பேர் தெரியாத இடத்துக்கு வந்து மூன்று வாரம் ஆன ஒரு முதலாண்டு மாணவருக்கு, அடுத்த அறைக்காரரின் பக்கத்தில் 140 என்றும் தன் பக்கத்தில் 23 என்றும் இருப்பது வேறு விஷயம். அதற்கு முன் வளாகத்தில் யாருக்கு எத்தனை நண்பர்கள் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வழியும் இருந்ததில்லை.

ஃபிரெண்ட்ஸ்டர், மைஸ்பேஸ் போன்ற தளங்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் சந்தித்தவர்களில் பலர் முன்பின் தெரியாதவர்கள். ஃபேஸ்புக்கில் இருந்தவர்களோ காலையில் வகுப்பில் பக்கத்து இருக்கையிலும் மதியம் சாப்பாட்டுக் கூடத்திலும் இருப்பவர்கள். 2005 செப்டம்பரில் வெளியான கணக்குப்படி, தளம் எட்டியிருந்த 882 கல்லூரிகளில் 85 விழுக்காட்டு மாணவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் 60 விழுக்காட்டினர் நாள்தோறும் உள்ளே வந்து பார்த்தார்கள். மனிதர் தம்மை யாரோடு ஒப்பிட்டுக்கொள்கிறார் என்பதைப் பற்றி உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954லேயே எழுதியிருக்கிறார். எட்டாத உயரத்தில் இருப்பவரோடு நாம் நம்மை அளப்பதில்லை, நம்மைப் போன்றவரோடுதான் அளக்கிறோம் என்பது அவருடைய கருத்தின் சாரம். திரைநட்சத்திரத்தின் மாளிகையைப் பார்த்து ஏங்குவது ஒரு வகை. ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே பாடத்தைப் படிப்பவரின் மகிழ்ச்சியைப் பார்த்துத் தன்னைக் குறைவாக நினைப்பது அதைவிட ஆழமாகப் போகும். ஃபேஸ்புக் திரட்டிக் கொடுத்தது இந்த இரண்டாவது வகை மனிதர்களை. அதே ஆண்டுகளில் நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்து ஆர்குட்டில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அழைப்புக் கிடைத்த எவரும் எந்த ஊரிலிருந்தும் அதில் சேரலாம். கல்லூரி வாரியாக அது வரவில்லை. அதனால் ஆர்குட் நம் மாணவர்களை என்ன செய்தது என்பதை இதுபோல் அளந்து சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

2005 அக்டோபரில் படங்களை எத்தனை வேண்டுமானாலும் ஏற்றலாம், படத்தில் இருப்பவர் பெயரைக் குறித்து இணைக்கலாம் என்ற வசதி வந்தது. இதுதான் பெரிய திருப்பம் என்று கருதுகிறேன். அதுவரை ஒருவர் தன்னைப் பற்றி எழுதியதைத்தான் மற்றவர் பார்த்தார். இப்போது அவர் எங்கே, யாரோடு இருந்தார் என்பதே தெரிய ஆரம்பித்தது. சனிக்கிழமை இரவு ஒரு விடுதியில் விருந்து நடக்கிறது. ஞாயிறு மதியம் நாற்பது படங்கள் ஏறிவிடுகின்றன. எல்லோரும் தோளோடு தோள் சேர்த்துச் சிரிக்கிறார்கள். விருந்தில் ஓர் ஓரமாக நின்று அலுத்துப்போனவரும், பாதியில் அறைக்குப் போய் அழுதவரும் படத்தில் இல்லை; இருந்தாலும் சிரித்த கணத்தில்தான் பிடிபட்டிருப்பார்கள். வளாகத்துக்கு வெளியே வாடகை அறையில் தங்கி, வார இறுதியில் கடையில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டும் மாணவருக்கு முன்பெல்லாம் அந்த விருந்து நடந்ததே தெரியாமல் போயிருக்கும். இப்போது அழைக்கப்பட்ட நாற்பது பேரின் பெயரும் தெரியும், அதில் தன் பெயர் இல்லை என்பதும் தெரியும். அடுத்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், இவற்றையெல்லாம் தேடிப் போகாமலே வரிசையாகக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் செய்தி ஓடை அறிமுகமானது. மாணவர்கள் கொதித்தார்கள். அதை எதிர்த்து ஃபேஸ்புக்கிலேயே தொடங்கிய குழுவில் சில நாள்களில் பல லட்சம் பேர் சேர்ந்தார்கள். தாம் வேவு பார்க்கப்படுகிறோம் என்பதுதான் அவர்களுடைய முதல் குற்றச்சாட்டு. பிறரைத் தாம் இடைவிடாமல் பார்க்க நேர்வது தம்மை என்ன செய்யும் என்ற கேள்வி அந்தப் போராட்டத்தில் பெரிதாக எழவில்லை. நிறுவனம் சில தனியுரிமை வசதிகளைக் கொடுத்தது, ஓடை நிலைத்துவிட்டது. அதே மாதம் 26ஆம் நாள், 13 வயதைத் தாண்டிய எவரும் சேரலாம் என்று கதவு திறக்கப்பட்டது. கல்லூரிக் காலம் அத்துடன் முடிந்தது.

இந்தக் காலத்தின் மனநிலை நமக்குத் தெரிய வருவதற்குக் காரணம் இன்னொரு பழைய ஏற்பாடு. அமெரிக்கக் கல்லூரிகள் மாணவர் உடல்நலத்தைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு நூறாண்டுக்கு மேலாகிறது. மாணவர்களுக்கான மனநலச் சேவை பிரின்ஸ்டனில் 1910லேயே தொடங்கியது. கல்லூரி மருத்துவச் சேவையினருக்கான சங்கம் 1920இல் உருவானது. அந்தச் சங்கத்தின் வழிவந்த அமெரிக்கக் கல்லூரி நலச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் நாடு முழுதும் உள்ள கல்லூரிகளில் மாணவர்களிடம் பெயர் கேட்காமல் விரிவான ஆய்வு நடத்தி வருகிறது. கடந்த ஓராண்டில் எத்தனை முறை நம்பிக்கையற்று உணர்ந்தீர்கள், எத்தனை முறை எதையும் செய்ய முடியாத அளவுக்கு மனம் சோர்ந்தீர்கள், மனச்சோர்வாலோ பதற்றத்தாலோ படிப்பு கெட்டதா என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. ஃபேஸ்புக்கை மனத்தில் வைத்து எழுதிய கேள்விகள் இல்லை இவை. அது பிறப்பதற்கு நான்கு ஆண்டு முன்பே கேட்கத் தொடங்கியவை. பின்னாளில் ஒரு வரலாற்றுச் சான்றாக இவை மதிப்புப் பெற்றதற்கு அதுவே காரணம்.

இந்த ஆவணங்களையும் ஃபேஸ்புக் வந்த தேதிகளையும் இணைத்துப் பார்க்கலாம் என்று மூன்று பொருளியலாளர்களுக்குத் தோன்றியது. லூகா பிராகியேரி, ரோயி லெவி, அலெக்சி மகாரின் ஆகியோர் அவர்கள். தேதிகளை அவர்கள் கண்டுபிடித்த விதமே சுவையானது. அன்றைய தஃபேஸ்புக்கின் முகப்புப் பக்கத்தில், எந்தெந்தக் கல்லூரிகளில் தளம் திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருந்தது. பழைய இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைத்திருக்கும் இணையக் காப்பகத்தில் அந்த முகப்பின் பல நாள் படிகள் கிடைத்தன. ஒரு படியில் இல்லாத கல்லூரி அடுத்த படியில் இருந்தால், இடையில் வந்திருக்கிறது என்று பொருள். இப்படி 775 கல்லூரிகளின் தேதிகளைத் திரட்டினார்கள். பிறகு, ஃபேஸ்புக் வந்த கல்லூரியில் மனநல விடைகள் முன்னும் பின்னும் எப்படி மாறின, அதே காலத்தில் இன்னும் வராத கல்லூரிகளில் எப்படி மாறின என்று ஒப்பிட்டார்கள். 2022இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு: ஃபேஸ்புக் வந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவு சரிந்தது. கடுமையான மனச்சோர்வைச் சொன்னவர்களின் விகிதம் முன்பிருந்ததைவிட சுமார் 7 விழுக்காடும், பதற்றக் கோளாறைச் சொன்னவர்களின் விகிதம் சுமார் 20 விழுக்காடும் உயர்ந்தன. மனநலக் குறியீட்டில் ஏற்பட்ட சரிவு, வேலை இழந்தவருக்கு ஏற்படும் சரிவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தளம் வந்து நாளாக நாளாகப் பாதிப்பும் கூடியது.

யார் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்பதில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. வளாகத்துக்கு வெளியே தங்கியவர்கள், கடனட்டைக் கடன் உள்ளவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள், உடல் எடை கூடியவர்கள், கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்களில் சேராதவர்கள். சுருக்கமாக, சக மாணவர்களோடு ஒப்பிடும்போது தம்மைக் குறைவாக நினைக்க எளிதில் இடமுள்ளவர்கள். நேரம் வீணாவதுதான் கேடு என்றால் இந்தக் கணக்கு வேறு மாதிரி அமைந்திருக்க வேண்டும். கட்டணம் கட்டக் கடையில் நிற்பவருக்கு வீணாக்க நேரமே குறைவு. இன்னொரு சான்று மதுப்பழக்கம் பற்றியது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் தம் சகாக்கள் குடிக்கும் அளவை மிகையாக மதிப்பிடுகிறார்கள் என்பதை வெஸ்லி பெர்கின்ஸ், ஆலன் பெர்கோவிட்ஸ் ஆகிய இருவர் 1986லேயே ஒரு கல்லூரியில் ஆய்ந்து காட்டியிருந்தார்கள். ஃபேஸ்புக் வந்த பிறகு அந்த மிகை மதிப்பீடு இன்னும் ஏறியது. உண்மையில் குடித்த அளவு அதற்கேற்ப ஏறவில்லை. ஊர் முழுக்கக் கொண்டாடுகிறது, நான் மட்டும் அறையில் கிடக்கிறேன் என்ற எண்ணம் இங்கே ஒரு புள்ளிவிவரமாகவே கையில் கிடைக்கிறது. மற்றவர்கள் எத்தனை முறை துயரப்படுகிறார்கள் என்பதை மாணவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று அலெக்சாண்டர் ஜோர்டனும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் காட்டினார்கள். துயரத்தைத் தனிமையிலும் மகிழ்ச்சியைக் கூட்டத்திலும் வெளிப்படுத்துவது மனித வழக்கம் என்பதால் இந்தப் பிழை வலைத்தளம் இல்லாமலும் நேரும். வலைத்தளம் அதை நாள்தோறும், படத்தோடு, பெயரோடு ஊட்டி வளர்த்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, மாணவர்கள் சோர்ந்தது கூடவில்லை, சோர்வைச் சொல்லும் துணிச்சல்தான் கூடியது என்பது. மனநோய் பற்றிய வெட்கம் அந்த ஆண்டுகளில் குறைந்துவந்தது உண்மை. ஃபேஸ்புக்கில் ஒருவர் தன் துன்பத்தைச் சொல்ல, அதைப் படித்த மற்றவரும் ஆய்வுத் தாளில் மனம்விட்டு எழுதியிருக்கலாம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் வெட்கம் குறைந்ததுதான் காரணம் என்றால், அது ஏன் வெளியே தங்கியவர்களிடமும் சங்கங்களில் சேராதவர்களிடமும் அதிகமாகக் குறைய வேண்டும்? மனச்சோர்வால் படிப்பு கெட்டது என்ற பதிலும் ஏன் கூட வேண்டும்? சகாக்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்ற மதிப்பீட்டுக்கும் வெட்கத்துக்கும் என்ன தொடர்பு? ஒப்பீடு என்ற ஒரே விளக்கம் இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது; வெட்கம் பற்றிய விளக்கமோ சோர்வைச் சொன்னவர்கள் கூடியதற்கு மட்டுமே பொருந்துகிறது. அது அமெரிக்கா போரில் இருந்த காலம், பெயர்பெற்ற கல்லூரிகளுக்குத்தான் தளம் முதலில் போனது என்ற ஐயங்களுக்கும் விடை உண்டு. போர் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொது. பெயர்பெற்ற கல்லூரிகள் தொடக்கத்திலிருந்தே வேறுபட்டவையாக இருந்தாலும், ஒவ்வொரு கல்லூரியும் தன் முந்தைய நிலையோடுதான் ஒப்பிடப்பட்டது. தளம் வருவதற்கு முன் இரு தரப்பும் வெவ்வேறு திசையில் போய்க்கொண்டிருந்ததற்கான அடையாளம் இல்லை.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிஸிபில்ஸ்கி ஆகியோர் 2019இல் 3,55,358 பதின்பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து, டிஜிட்டல் சாதனப் பயன்பாடு அவர்களுடைய நலவாழ்வு வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டை மட்டுமே விளக்குகிறது என்று காட்டினார்கள். இவ்வளவு சிறிய விளைவுக்கா இத்தனை கூச்சல் என்று பலர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆய்வு நேர்மையானது. பீதியைத் தணிக்க அது தேவையாகவும் இருந்தது. ஆனால் அது கேட்ட கேள்வி வேறு. எல்லோரும் ஏற்கெனவே வலைத்தளத்துக்குள் இருக்கும் உலகில், அதிக நேரம் பார்ப்பவரும் குறைந்த நேரம் பார்ப்பவரும் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பது அதன் கேள்வி. வளாகம் முழுதும் ஒரே நேரத்தில் வலைத்தளத்துக்குள் போனால் அந்த வளாகம் என்ன ஆகிறது என்பது கல்லூரி வரலாறு எழுப்பும் கேள்வி. ஒரு தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் புகை வந்துகொண்டிருக்கும்போது, சன்னலருகே ஐந்து நிமிடம் நின்றவரையும் பத்து நிமிடம் நின்றவரையும் ஒப்பிட்டுப் புகையின் தீங்கைக் கணிக்க முடியாது. ஃபேஸ்புக்கைத் திறந்தே பார்க்காத மாணவருக்கும் அழைப்பில்லாத விருந்தின் பேச்சு மறுநாள் வகுப்பில் காதில் விழும். அளவைப் பொறுத்தவரை ஒன்று சொல்லலாம். கடந்த இருபதாண்டில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே கடுமையான மனச்சோர்வு பெருகியதில், ஃபேஸ்புக் வருகையின் விளைவு ஏறத்தாழ கால் பங்குக்கு ஈடாகும் என்று கல்லூரி ஆய்வை நடத்திய அந்த மூன்று பொருளியலாளர்களும் கணக்கிடுகிறார்கள். மீதி முக்கால் பங்குக்கு வேறு காரணங்களைத் தேட வேண்டும். வேலை, கடன், கல்விச் செலவு, வீட்டுச் சூழல் எல்லாம் அங்கே இருக்கின்றன. வலைத்தளமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று முழங்குவோருக்கும் இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

மூன்றாவதாக, நன்மைகளைச் சுட்டுவார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிக்கோல் எலிசனும் உடன் ஆய்வாளர்களும் 286 மாணவர்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஃபேஸ்புக்கைத் தீவிரமாகப் பயன்படுத்தியவர்களுக்கு வளாகத்தில் தொடர்புகள் அதிகம் இருந்ததைக் கண்டது. தன்மதிப்புக் குறைந்த மாணவர்களுக்கே அந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. இதை நான் முழுதும் ஏற்கிறேன். கூச்ச சுபாவம் உள்ள ஒரு பிள்ளை நேரில் கேட்கத் தயங்கும் பாடக்குறிப்பை எழுதிக் கேட்டுவிடலாம். பள்ளித் தோழியின் தொடர்பு அறுந்துபோகாமல் காக்கலாம். ஆனால் தொடர்பு பெருகுவதும் மனம் தாழ்வதும் ஒரே ஆளுக்கு ஒரே மாலையில் நேரக்கூடியவை. உண்மையில் ஒன்றின் வழியாகவே மற்றது வந்தது. நானூறு பேரின் தொடர்பு கிடைத்தவருக்கு நானூறு பேரின் விருந்துகளும் கிடைத்தன. யூட்டா பள்ளத்தாக்குப் பல்கலைக்கழகத்தில் 425 மாணவர்களிடம் கேட்டு 2012இல் வெளியான ஆய்வில், ஃபேஸ்புக்கில் நீண்ட காலம் இருந்தவர்கள், மற்றவர்கள் தம்மைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பதை அதிகம் ஒப்புக்கொண்டார்கள். நேரில் பழகாதவர்களை நண்பர் பட்டியலில் அதிகம் வைத்திருந்தவர்களிடம், மற்றவர்களின் வாழ்க்கை தம்முடையதைவிட மேலானது என்ற எண்ணம் வலுவாக இருந்தது. நேரில் பழகியவரின் சிரிப்புக்குப் பின்னால் உள்ள கவலை நமக்குத் தெரியும். பழகாதவரிடம் நமக்குக் கிடைப்பது சிரிப்பு மட்டும்.

அந்தப் பழைய ஃபேஸ்புக்குக்கும் இன்றைய இன்ஸ்டகிராமுக்கும் டிக்டாக்குக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியும் நியாயமானதே. 2007இல் ஐஃபோன் வந்தது, 2009 பிப்ரவரியில் லைக் பொத்தான், 2010இல் இன்ஸ்டகிராம். அதை 2012இல் ஃபேஸ்புக்கே நூறு கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2004இல் ஒரு மாணவர் தம் அறைக்குத் திரும்பிக் கணினி முன் உட்கார்ந்தால்தான் ஃபேஸ்புக். இன்று அது சட்டைப் பையிலும் தலையணை அடியிலும் இருக்கிறது. அன்றைய முடிவுகளை அப்படியே இன்றைக்குப் பொருத்திச் சொல்வது தவறாகத்தான் இருக்கும். ஆயினும் பிற்கால ஆய்வுகள் அதே திசையில்தான் போகின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியான சோதனையில், ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் நாளுக்கு ஒவ்வொன்றும் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்தவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் தணிந்தன. 2018 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் ஹன்ட் ஆல்காட் குழுவினர் சில ஆயிரம் பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், பணம் பெற்றுக்கொண்டு நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்கிவைத்தவர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சியது. மனநிறைவு சிறிதளவு, ஆனால் தெளிவாகக் கூடியது. நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. அந்தச் சிறிதளவும் கல்லூரி ஆய்வு கண்ட சரிவின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. அல்காரிதத்தை மாற்றினால், லைக் எண்ணிக்கையை மறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கேதான் எனக்குத் தளர்கிறது. அந்த மாற்றங்கள் வேண்டாதவை என்று சொல்லவில்லை, செய்தால் நல்லதே. ஆனால் இவை எதுவும் இல்லாத 2004, 2005லேயே வெளியே தங்கிய மாணவர் சோர்ந்துவிட்டார் என்பதை என்ன செய்வது?

அந்தக் கல்லூரி வரலாற்றிலிருந்து இன்றைக்குப் பொருந்தும் இன்னொன்று, இந்தப் பழக்கம் தனியாள் தனியாளாக வரவில்லை என்பது. ஒரு வளாகம் திறந்தால் சில வாரங்களில் பெரும்பாலோர் உள்ளே போனார்கள். எஞ்சியவர்களுக்கு வெளியே இருப்பதே கடினமாயிற்று. லியோனார்டோ பர்ஸ்டினும் உடன் ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சைப் பணக்கணக்கில் காட்டியது. நீங்கள் மட்டும் நான்கு வாரம் டிக்டாக்கை விட்டு வெளியேற எவ்வளவு வேண்டும் என்று கேட்டபோது, மாணவர்கள் சராசரியாக 59 டாலர் கேட்டார்கள். இன்ஸ்டகிராமுக்கு 47 டாலர். உங்கள் கல்லூரியில் எல்லோரும் சேர்ந்து வெளியேறுவதென்றால் என்று கேட்டபோது கணக்கு தலைகீழானது. டிக்டாக் இல்லாமல் போக, சராசரியாகத் தாங்களே 28 டாலர் கொடுக்க அணியமாக இருந்தார்கள். இன்ஸ்டகிராமுக்கு 10 டாலர். இளைஞர்களுக்கு மனக்கட்டுப்பாடு போதாது, போனைக் கீழே வைக்கத் தெரியவில்லை என்று பெற்றோரும் ஆசிரியரும் சொல்லும் அறிவுரை இந்த எண்களின் முன் நிற்பதில்லை. அவர்களில் பலர் அது இல்லாத வளாகத்தையே விரும்புகிறார்கள். ஆனால் மற்றவர்கள் உள்ளே இருக்கும்போது தான் மட்டும் வெளியே நிற்பது, பழைய விருந்துக்கு அழைக்கப்படாத மாணவரின் நிலைதான் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே திருத்தப் பார்ப்பதைவிட, ஒரு விடுதியோ வகுப்போ கல்லூரியோ சேர்ந்து பேசி, எந்த நேரத்தில் எதை விலக்கிவைப்பது என்று மாணவர்களே முடிவெடுக்க இடம் கொடுப்பதற்கு இந்த வரலாறு வலுவான ஆதாரம் தருகிறது. அப்படி முடிவெடுக்கும் கல்லூரிகள், 2000இல் கேட்கத் தொடங்கிய அந்தப் பழைய கேள்விகளையே முன்னும் பின்னும் தம் மாணவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தால், பலன் உண்டா இல்லையா என்பது ஊகமாக இல்லாமல் கையில் கிடைக்கும்.